எந்த பி?

அவைக்குத் தலைமை தாங்கி, தாங்கிய தலைமையின் பாரத்தில் சற்றே கண்ணயர்ந்திருக்கும் எங்கள் ஊர்த்தலைவர் உம்தா கலஃப் அவர்களே, அவர் கண் திறக்கும்போதெல்லாம் கைதட்டுவதற்காக இருபுறமும் காத்திருக்கும் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளே, முதல் வரிசையில் வாசனையோடு வீற்றிருக்கும் வட்டாரக் கல்வி அலுவலக விருந்தினர்களே, ஒரே தட்டில் பூசணி விதை கொறித்துக்கொண்டிருக்கும் இமாம் அவர்களே, எங்கள் தேவாலயத்து அபூனா அவர்களே, மண்ணைப் பொன்னாக்கும் மாண்புமிகு தாய்மார்களே, அந்தப் பொன்னைப் புகைக்குழாயில் போட்டு ஊதும் தாய்மார்களின் கணவன்மார்களே, நம் ஊர் கஃப்ர் ஷஹ்தாவின் கண்மணிகளான என் மாணவ மாணவிகளே, உங்கள் அத்தனை பேர் மீதும் அமைதி உண்டாகட்டும்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "தனிமங்களின் தனிப்பெருமை." இருபத்திரண்டு ஆண்டுகளாக வேதியியல் சொல்லிக்கொடுக்கும் பிஷோய் என்ற இந்த எளியவனுக்கு, வட்டாரத்தின் சிறந்த ஆசிரியன் என்று சற்றுமுன் ஒரு கேடயம் கொடுத்தார்கள். வெண்கலம் என்று அறிவித்தார்கள். நான் வேதியியல் ஆசிரியன், தட்டிப் பார்த்துவிட்டேன். தகரம். பரவாயில்லை, தகரமும் ஒரு தனிமம்தானே?

என் பேச்சு முடிந்ததும் இங்கே இன்னொரு வேலை இருக்கிறது. முப்பத்தொரு ஆண்டுகள் நம் சங்கத்தின் உரக்கிடங்கைக் காத்த, ஊரே சித்தப்பா என்றழைக்கும் சுப்ஹியை வேலையிலிருந்து நீக்குவதற்குக் கை தூக்கப் போகிறீர்கள். கிடங்குச் சாவிக்கொத்து இதோ உம்தாவின் மேசைமேல் கிடக்கிறது. சித்தப்பா வாசற்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வாருங்கள் சித்தப்பா, நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்கிறார். சரி, அங்கேயே இருங்கள். ஆனால் எழுந்து போய்விடாதீர்கள்.

அன்புக்குரியவர்களே, தனிமங்கள் எத்தனை? நூற்றுப் பதினெட்டு. நம் ஊரில் தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்க்கத் தெரியும் என்று சொல்லிக்கொள்பவர்கள் இதைவிட அதிகம். இந்த நூற்றுப் பதினெட்டில்தான் நீங்களும் நானும், நீங்கள் குடிக்கும் தேநீரும், தேநீரில் நீங்கள் கொட்டும் ஐந்து கரண்டிச் சர்க்கரையும், அதைப் பார்த்து வைத்தியர் விடும் பெருமூச்சும் அடக்கம். அட்டவணையின் ஓரத்தில் ஒரு வரிசை உண்டு. ஹீலியம், நியான், ஆர்கான். யாரோடும் சேராது. கல்யாணத்துக்கு அழைத்தால் வராது, சாவுக்குச் சொன்னாலும் வராது. அறிஞர்கள் இவற்றுக்கு "உன்னத வாயுக்கள்" என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் அப்படி ஒருவன் இருந்தால் நாம் வைக்கும் பெயரே வேறு. அபூனா இருக்கிறார், அதைச் சொல்ல மாட்டேன்.

சோடியத்தின் குறியீடு என்ன? "நா." ஏன் நா? தெற்கே ஒன்றரை மணி நேரம் பேருந்தில் போனால் நத்ரூன் பள்ளத்தாக்கு. அங்கே நம் எகிப்திய மூதாதையர் பிணத்தைப் பதப்படுத்த அள்ளிய உப்பின் பெயரைத்தான் சுருக்கி, சோடியத்தின் தலையில் வைத்தார்கள். பொட்டாசியத்துக்கு ஏன் "கே"? "அல்-கலி" என்ற நம் அரபிச் சொல்லின் வாலைப் பிடித்து வந்தது அது. ஆக, நம் வீட்டுப் பிள்ளைகள்தான். வெளியூருக்குப் போய், வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, திரும்பி வந்து, நம் தேர்வு அறையிலேயே உட்கார்ந்து, நம் பிள்ளைகளைப் பெயிலாக்குகின்றன.

சென்ற ஆண்டு ஒரு மேற்பார்வையாளர் என் வகுப்புக்கு வந்தார். இங்கே இருப்பவர் இல்லை, நிம்மதியாக இருங்கள் ஐயா. அவர் ஒரு மாணவியை எழுப்பினார்.

"லாந்தனத்தோட குறியீடு தெரியுமாம்மா?"

"லா."

லா என்றால் நம் வீட்டு அரபியில் என்ன பொருள்? இல்லை என்று பொருள். மேற்பார்வையாளரின் புருவம் ஏறியது.

"படிக்கலையா?"

"படிச்சேன் சார்."

"அப்ப சொல்லு."

"லா."

"சொல்ல மாட்டியா?"

"சொல்றேன் சார். லா."

"உன் வாத்தியார் உனக்கு இதைச் சொல்லித் தரலையா?"

"தந்தாரே. லான்னுதான் சொல்லித் தந்தார்."

மேற்பார்வையாளர் தம் குறிப்பேட்டில் எழுதினார்: "மாணவி திமிர் பிடித்தவள், ஆசிரியரே அதற்குக் காரணம்." அந்தப் பெண் முழு மதிப்பெண் வாங்கவேண்டிய இடத்தில் முழங்கால் போட்டாள். நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். சரியான விடையைச் சொன்ன ஒருத்தி தண்டனை வாங்கினாள் என்பதை மறந்துவிட்டுச் சிரித்தேன்.

யார் அது பின்னால், "ஃபூல் கதைக்கு வா" என்று கத்துவது? வருகிறேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று மேடை ஏறினேன்.

எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஹாஜ்ஜா இன்ஸாஃப், இதோ தாய்மார்களின் நடுவில் கைத்தடியோடு அமர்ந்திருக்கிறார்கள். கணவர் இல்லை, மகன்கள் கடல் கடந்து போனவர்கள். அவர்களுக்கு இருப்பது ஒன்றரை ஃபத்தான் நிலம். அதில் ஃபூல் அவரை போட்டிருந்தார்கள். ஊரே காலையில் ரொட்டியோடு தொட்டுத் தின்னும் ஃபூல். ஹாத்தூர் மாதத்தில் விதைத்தார்கள், முளைத்தது, இலை ஊதா பாய்ந்தது. ஓர் இலையைப் பறித்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். மண்ணில் பாஸ்பரம் போதவில்லை என்றேன். சரியாகத்தான் சொன்னேன். கிடங்கிலிருந்து மூட்டை போனது. போட்டார்கள், தண்ணீர் பாய்ச்சினார்கள். பத்தே நாளில் இலையோரமெல்லாம் கருகி, ஒன்றரை ஃபத்தானும் செத்தது. போனது பாஸ்பரம் இல்லை, போரான். சர்க்கரைக் கிழங்குக்குக் கைப்பிடி போட்டால் அது மருந்து. அவரைக்கு மூட்டை மூட்டையாகப் போட்டால் விஷம்.

மாற்றிக் கொடுத்தவர் யார்? சுப்ஹி. அறிக்கை எழுதியவர் யார்? நான். ஊர் என்ன சொன்னது? "எழுத்துத் தெரியாதவன் கையில் சாவியைக் கொடுத்தால் இப்படித்தான்." இதுவரை நீங்கள் அறிந்தது இவ்வளவு. இனி நீங்கள் அறியாதது.

முதலில் ஒரு சோதனை. எல்லோரும் உதட்டை மூடுங்கள். காற்றைச் சேருங்கள். மெழுகுவத்தி அணைகிற மாதிரி ஊதிக்கொண்டு "பி" என்று சொல்லுங்கள். சொன்னீர்களா? இப்போது ஊதாமல் "பி" என்று சொல்லுங்கள். வித்தியாசம் ஏதாவது? உம்தா அவர்களே, நீங்களும் சொல்லுங்கள். பாருங்கள், மீசை மட்டும்தான் அசைந்தது. கல்வி அலுவலக விருந்தினர்களே? ஆகா, பட்டம் பெற்ற வாயிலும் அதே பி.

நம் மொழியில் இருப்பது ஒரே ஒரு பி. கீழே ஒரு புள்ளி வைத்த ஒரே பி. வெள்ளைக்காரனிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றுக்கு ஒரு தொப்பை, இன்னொன்றுக்கு இரண்டு தொப்பை. ஒற்றைத் தொப்பை பாஸ்பரத்தின் குறியீடு, இரட்டைத் தொப்பை போரானின் குறியீடு. எழுதினால் தெரியும். வாயால் சொன்னால் நம்மில் ஒருவனுக்கும் தெரியாது.

இப்போது கேளுங்கள், கிடங்கில் இந்தக் குறியீட்டைக் கொண்டுவந்தது யார்? முன்பு சுப்ஹி சித்தப்பா பாஸ்பரத்தைச் சாம்பல் உரம் என்பார், போரானைக் கிழங்கு உரம் என்பார். நீங்கள் சாம்பல் உரம் கேட்பீர்கள், அவர் சாம்பல் உரம் கொடுப்பார். முப்பது ஆண்டுகளில் ஒரு மூட்டை மாறியதுண்டா? ஒரு செடி செத்ததுண்டா? ஒரு சண்டை வந்ததுண்டா? வரவில்லை. வந்தது யார்? நான் வந்தேன். "இது அறிவியல் யுகம், சாம்பல் கிழங்கு என்றெல்லாம் பேசக்கூடாது" என்று கிடங்குச் சுவரில் தனிம அட்டவணையை வரைந்தேன். மூட்டைகள் எல்லாவற்றிலும் பச்சை மையில் ஒற்றை எழுத்து எழுதவைத்தேன். அந்தச் சுவருக்காகத்தான் இந்தக் கேடயம். ஃபோஸ்ஃபூர் என்று நம் வாயில் அழகாக வருகிற பெயர் இருக்கிறது. ஃபா எழுத்தில் தொடங்குகிறது, போரானோடு குழம்பவே குழம்பாது. அதைச் சொல்லக்கூடாது என்று தடை போட்டவன் நான்.

அன்று காலை ஆசிரியர் அறையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே நகரத்திலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள். தொலைபேசி அடித்தது. கிடங்கிலிருந்து சித்தப்பா.

"உஸ்தாத், ஹாஜ்ஜா இன்ஸாஃப் கழுதை வண்டியோட வந்து நிக்கிறாங்க. எதைப் போட்டு விடணும்?"

"பி."

"எந்த பி?"

"எந்த பின்னா? பிதான்."

"இங்க ரெண்டு பி கெடக்கு உஸ்தாத். ஒண்ணு ஒத்தத் தொப்பை, ஒண்ணு ரெட்டைத் தொப்பை. உங்க வாய்ல ரெண்டும் ஒண்ணாத்தான் வருது, கோவிச்சுக்காதீங்க."

ஒற்றைத் தொப்பை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். எதிரே பேராசிரியர்கள். தொப்பை என்று சொல்ல எனக்குக் கூசியது. ஃபோஸ்ஃபூர் என்று சொன்னால் நானே போட்ட சட்டத்தை நானே மீறியதாகும். அதனால் புத்திசாலித்தனமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு இப்படிச் சொன்னேன்:

"என் பேரை இங்கிலீஷ்ல எழுதினா முதல்ல வர்ற பி."

இங்கேதான் என் அகந்தையின் முழு வரலாறும் இருக்கிறது. என் பெயர் எங்கள் தேவாலயத்தின் பழைய குப்தி மொழிப் பெயர். அந்த மொழியில் அது ஊதுகிற பி. அரபியில் வந்தபோது ஊதாத பி ஆகிவிட்டது. கல்லூரியில் படிக்கும்போது எனக்கு ஞானம் பிறந்தது. நான் பழம்பெருமை வாய்ந்தவன் என்று காட்டுவதற்காக ஆங்கிலத்தில் ஒற்றைத் தொப்பை போட்டுக் கையெழுத்திட ஆரம்பித்தேன். வீட்டுப் பெயர்ப்பலகையில் ஒற்றைத் தொப்பை. பட்டத்தில் ஒற்றைத் தொப்பை. ஆனால் எனக்கும் அரை ஃபத்தான் நிலம் உண்டு அல்லவா, அதற்கு விவசாயி அட்டை கொடுத்தார்களே, அதில் என் பெயரை அடித்த வங்கிக்காரன் குப்தி மொழி படித்தவனா? காதில் விழுந்தபடி அடித்தான். இரட்டைத் தொப்பை.

சித்தப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கண் இருக்கிறது. கிடங்குக் கோப்பில் இருந்த என் விவசாயி அட்டையின் நகலை எடுத்தார், என் பெயரைப் பார்த்தார், முதல் எழுத்தை மூட்டையோடு வைத்து ஒப்பிட்டார். இரட்டைத் தொப்பை. நான் சொன்னதை அவரைவிட ஒழுங்காக இந்த உலகத்தில் யாராலும் செய்திருக்க முடியாது.

அதோடு விட்டாரா? விடவில்லை. மறுபடியும் அழைத்தார்.

"உஸ்தாத், இது சர்க்கரைக் கிழங்குக்குப் போடுறதாச்சே. அதுவும் ஒரு ஃபத்தானுக்குக் கைப்பிடிதான் போடுவோம். ஃபூலுக்கு மூட்டையாவா போடணும்?"

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எச்சரிக்க முடியுமா? காது கொடுத்திருந்தால் அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்திருக்கும். நான் காது கொடுக்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: ஒரு கிடங்குக்காரர், பேராசிரியர்கள் முன்னால் என்னை எதிர்க்கேள்வி கேட்கிறார்.

"சித்தப்பா, வேதியியல் படிச்சது நீங்களா, நானா?"

"நீங்கதான்."

"அப்ப சொன்னதைப் போட்டு அனுப்புங்க."

அனுப்பினார்.

வயல் செத்தது. விசாரணை வைத்தீர்கள். இதே மண்டபத்தில், இதே உம்தா, இதே மேசை. சித்தப்பா எழுந்து ஒரே வாக்கியம் சொன்னார். "உஸ்தாத்கிட்ட கேட்டுத்தான் கொடுத்தேன்." எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். நான் என்ன சொன்னேன்? "நான் பாஸ்பரம் என்று தெளிவாகச் சொன்னேன்" என்றேன். பொய். நாக்கு நுனியிலிருந்து வந்த பொய், நடுங்காமல் வந்த பொய். சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "உஸ்தாத் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று உட்கார்ந்துவிட்டார். நான் அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். ஆங்கிலத்தில் போட்டேன். ஒற்றைத் தொப்பையோடு போட்டேன்.

சத்தம் போடுங்கள், தடுக்க மாட்டேன். செருப்பை மட்டும் கழற்றாதீர்கள், அது தாய்மார்கள் மேல் விழும்.

மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. மறக்கவில்லை. நான்கு மாதங்களாக ஒரு நாளும் மறக்கவில்லை. விசாரணையோடு சாவியைப் பறிகொடுத்த சித்தப்பா கடைத்தெருவில் கூலிக்குத் தக்காளிக் கூடை சுமப்பதைப் பார்த்தால் அடுத்த தெரு வழியாகப் போனேன். இந்தக் கேடயம் வருகிறது, அதே நாளில் அவருடைய வேலை போகிறது என்று தெரிந்ததும்தான் எனக்குச் சுரணை வந்தது. நேற்றுக் காலை ஹாஜ்ஜா இன்ஸாஃபின் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். வரும் பருவத்தில் என் அரை ஃபத்தான் விளைச்சல் முழுவதும் அவர்களுடையது என்றேன். அவர்கள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தவில்லை. தட்டிக்கொண்டே சொன்னார்கள்:

"விளைச்சலைக் கொடுப்பா, வாங்கிக்கிறேன். என் வயலுக்கு நான் அழுது முடிச்சாச்சு. ஆனா சுப்ஹிக்கு இன்னும் யாரும் அழல. என் அடுப்படியில வந்து அழுதா ஆச்சா? போ, மேடையில போய் அழு."

அதனால்தான் அழுகிறேன் பெரியோர்களே. இதுதான் தனிமங்களின் தனிப்பெருமையைப் பற்றிய என் உரை.

இருபத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகை முன் நின்று என்ன சொன்னேன்? தெரியாவிட்டால் கேள் என்றேன். புரியாவிட்டால் கேள் என்றேன். ஒருமுறை புரியாவிட்டால் இருமுறை கேள் என்றேன். எத்தனை மாணவர்கள் அப்படிக் கேட்டார்கள்? மதிப்பெண்ணுக்குப் பயந்து மௌனமாக இருந்தார்கள், மானத்துக்குப் பயந்து மண்டையை ஆட்டினார்கள். நான் சொன்னபடி கேட்ட ஒரே ஒரு மாணவர் இதோ வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். ஒருமுறை கேட்டார், எந்த பி என்று. இருமுறை கேட்டார், ஃபூலுக்கா என்று. கேட்டவர் குற்றவாளியா? கேள்வியைக் கண்டு கோபப்பட்டவன் குற்றவாளியா? எழுத்துத் தெரியாதவர் என்றீர்களே, அந்த எழுத்தில் ஐயம் இருக்கிறது என்று கண்டவர் அவர் ஒருவர்தானே? உம்தா அவர்களே, இந்த இரண்டு பி-யைப் பிரித்துச் சொல்லத் தெரியாத குற்றத்துக்கு ஒருவரை நீக்குவதென்றால், அலெக்சாந்திரியாவிலிருந்து அஸ்வான் வரை ஒருவன் வேலையில் இருக்க முடியாது. பொய் சொன்ன குற்றத்துக்கு நீக்குவதென்றால், அதற்கு உரியவன் ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கிறான். கையைத் தூக்குங்கள். எனக்கெதிராகத் தூக்குங்கள். முதல் கை என்னுடையது.

ஒரு நிமிடம். ஹாஜ்ஜா எழுந்திருக்கிறார்கள். வழி விடுங்கள். அந்தக் காலி நாற்காலியை எடுங்கள், தடி தட்டுகிறது பாருங்கள். மேடைக்கு வருகிறார்கள். உம்தாவின் மேசைக்கு வருகிறார்கள். சாவிக்கொத்தை எடுத்துவிட்டார்கள்.

"ஹாஜ்ஜா, இன்னும் ஓட்டெடுப்பு நடக்கலையே" என்கிறார் உம்தா.

"செத்தது உன் வயலா கலஃப்? என் வயலு. நான் போட்டாச்சு ஓட்டு" என்கிறார்கள்.

உம்தா நிர்வாகிகளைப் பார்க்கிறார். நிர்வாகிகள் இமாமைப் பார்க்கிறார்கள். இமாம் அபூனாவைப் பார்க்கிறார். அபூனா பூசணி விதையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டுகிறார். உம்தாவும் தட்டுகிறார். ஹாஜ்ஜா வாசற்படிக்கே போய்விட்டார்கள். சாவியைச் சித்தப்பாவின் மடியில் போட்டார்கள். வாங்கிக்கொள்ளுங்கள் சித்தப்பா.

சித்தப்பா எழுந்து ஏதோ கேட்கிறார். உரக்கக் கேளுங்கள், என் காதில் விழ வேண்டும்.

"உஸ்தாத், அந்த அறிக்கை கிடங்குலதான் இருக்கு. திருத்தி எழுதி மறுபடி கையெழுத்துப் போடணுமே. இந்த வாட்டி எந்த பி போடுவீங்க?"

சிரியுங்கள். அவருக்கு உரிமை உண்டு, உங்களுக்கும் உண்டு.

அரபியிலேயே போடுகிறேன் சித்தப்பா. அங்கே இருப்பது ஒரே ஒரு பி. ஒளிந்துகொள்ள எனக்கு இடமிருக்காது.

திட்டாமல் கேட்ட தாய்மார்களுக்கும், திட்டிக்கொண்டே கேட்ட தந்தையர்க்கும், விழித்தெழுந்த உம்தாவுக்கும் என் நன்றி. அமைதி உங்கள் வீடுகளில் தங்கட்டும், ஃபூல் உங்கள் வயல்களில் பூக்கட்டும். என் பேச்சில் யாருக்காவது ஐயம் இருந்தால், எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள்.